ஆறு நட்டும் அரைச் சுற்றும்

லிஃப்ட்டம்மாவின் காதுக்கு மட்டும் விடுமுறை என்பதே கிடையாது. முப்பது வருடமாக அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவள். பெட்டிக்குள் கண்ணை மூடி நின்று ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தால் போதும், “நாலாவது மாடிக்குக் கொஞ்சம் மேல, இடது பக்கம், ஒரு நட்டு ஆடுது” என்பாள். போய்ப் பார்த்தால் ஆடிக்கொண்டிருக்கும். அவள் கை வைத்த இடத்திலிருந்து ‘மறுபடியும் அதே சத்தம்’ என்று ஒரு போன் வந்ததாகச் சரித்திரமே இல்லை. அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த பெருமைதானே.

ஆனால் இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா உட்கார முடியாது. பக்கத்து வீட்டு மிக்ஸிக்கு அடியில் ரப்பர் தேய்ந்துவிட்டது, மாடி வீட்டுக்காரர்களின் மின்விசிறியில் ஒரு இறக்கை சரியாகப் பூட்டப்படவில்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். வீட்டுக்காரர் குறட்டை விட்டால்கூட, “இன்னிக்கு பேரிங் காஞ்சு போயிருக்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. எள்ளு அளவு ஸ்குரூக்களைப் பூதக்கண்ணாடி வைத்து முடுக்கி, கண்ணாடியை ஆளின் முகத்தில் மாட்டி, இரண்டு பக்கமும் ஒரே உயரமா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. வலது காது பக்கம் ஒரு மயிரிழை வளைத்தால், இடது காது பக்கமும் அதே மயிரிழை வளைத்துவிட்டுத்தான் கையை எடுப்பார். அமைதியான மனிதர். அவர் பேசுவது எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். சில நாள் அவருக்கும் கேட்காது.

இந்த மனிதருக்கு நாற்பத்தாறாவது வயதில் கிட்டார் ஆசை வந்தது. ஒரு புத்தகத்தைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டார். மோசமில்லை, நன்றாகவே வாசித்தார். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விடிய விடிய வாசித்திருக்கிறார். அப்புறம் வியாபாரிகள் சங்கத்து ஆண்டு விழாவில் யாரோ அவர் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அவரும் மேடை ஏறினார், நாற்காலியில் உட்கார்ந்தார், கிட்டாரை மடியில் வைத்தார். அவ்வளவுதான். கை எழும்பவில்லை. ஒன்றரை நிமிடம் மைக்கில் அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எழுந்து, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இறங்கி வந்துவிட்டார். பாவம் என்று நினைத்து நாலு பேர் கைதட்டியதுதான் எல்லாவற்றையும் விடக் கொடுமை.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும் வழியில் லிஃப்ட்டம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மகள் குட்டி அப்போது வெளியூரில் சைக்கிள் மெக்கானிக் பயிற்சியில் இருந்தாள். அவளுக்கு விஷயமே தெரியாது. கிட்டார் பெட்டிக்குள் போய், பெட்டி பீரோவுக்கு மேலே போய், மூன்று வருடம் ஓடிவிட்டது.

இப்போது குட்டி சொந்தமாக சைக்கிள் பழுது பார்க்கும் கடை திறக்கப் போகிறாள். திறப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, கை முழுக்க கிரீஸோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

“ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணி. ஷட்டரை அம்மா தூக்கணும். அப்புறம் அப்பா ஒரு பாட்டு வாசிக்கணும். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

கண்ணாடிக்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். “எல்லார்கிட்டயும்னா?”

“ஒரு முப்பது பேர் வருவாங்க. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப வாசிப்பீங்களே, அது போதும்பா. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.”

அவர் சரி என்று தலையை ஆட்டினார். அந்தப் பெண் கேட்டு அவர் முடியாது என்று சொன்னதாக இதுவரை ஒரு நாளும் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பீரோ மேலிருந்து பெட்டி இறங்கியது. தூசி தட்டி, தந்தி மாற்றி, சுருதி சேர்த்து அவர் ஒரு தட்டுத் தட்டினார். ‘ஙிர்ர்’ என்றது. பாட்டுக்குள்ளே ஒரு வண்டு உட்கார்ந்திருப்பது போல. சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த லிஃப்ட்டம்மா கத்தியோடு வந்து நின்றாள்.

“அடடா, சத்தம் வருதே” என்றார் அவர். கவலையாகச் சொல்ல வேண்டியதை ஏன் இத்தனை உற்சாகமாகச் சொல்கிறார் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. அவளுக்கு ஒரு சத்தம் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

“நீங்க அதே தந்தியை விடாம தட்டிக்கிட்டே இருங்க” என்றாள். கத்தியை வைத்துவிட்டு, ஒவ்வொரு இடமாக ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டே போனாள். அவள் தொழிலில் அதுதான் முறை. விரல் பட்டதும் சத்தம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. தலைப்பகுதியில் தந்தியை முடுக்குகிற ஆறு சாவிகள் இருக்கின்றன. அவற்றின் தண்டுகள் முன்பக்கம் எட்டிப் பார்க்கிற இடத்தில், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு நட்டு, அடியில் ஒரு வாஷர். மூன்றாவது நட்டில் விரலை வைத்ததும் வண்டு வாயை மூடிக்கொண்டது.

“மூணு வருஷம் சும்மா கிடந்தா கழலாம என்ன செய்யும்” என்று சொல்லிவிட்டுக் கருவிப் பையிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தாள். கால் சுற்று. முடிந்தது வேலை. போய் வெங்காயத்தைத் தொடர்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி ஙிர்ர். இந்தத் தடவை கிட்டார் உடம்பின் அடியில் தோள்வார் மாட்டுகிற குமிழ். அதன் ஸ்குரூ தளர்ந்திருந்தது. ஓட்டையில் ஒரு தீக்குச்சியை ஒடித்துப் போட்டு, கொஞ்சம் பசை விட்டு, முடுக்கினாள். புதன்கிழமை தலையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியின் இரண்டு ஸ்குரூவும்.

“நாளுக்கு ஒண்ணா கழலுது. என்ன கிட்டாருங்க இது?”

“பழசு இல்லையா” என்றார் அவர், கிட்டாரைப் பார்த்துக்கொண்டே. “சத்தத்தோட வாசிச்சா நாலு பேர் சிரிப்பாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா...”

“என் கையில குடுத்துட்டு சரியாகலைன்னா என்ன அர்த்தம்? நாளைக்கு மொத்தமா பார்த்துடறேன்.”

உண்மையில் அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. மூன்று நாளில் மூன்று தடவை. ஒரு கட்டடத்திலிருந்து மூன்று தடவை போன் வந்திருந்தால் அவள் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வேறு வேலை தேடியிருப்பாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மேஜையில் போர்வையை விரித்துக் கிட்டாரைக் கிடத்தினாள். விளக்கைக் கீழே இழுத்தாள். கழலக்கூடிய எதையும் விடவில்லை. சாவிகளின் பின்பக்க ஸ்குரூ, குமிழ், மூடி, ஆறு நட்டு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, துடைத்து, மறுபடி அளவாக முடுக்கினாள். அளவு முக்கியம். இரும்பை முடுக்குகிற மாதிரி மரத்தை முடுக்கினால் மரம் பிளந்துகொள்ளும், அது அவளுக்குத் தெரியும். கடைசியாக, கை தன்பாட்டில் பையைத் துழாவிச் சிவப்பு பெயின்ட் பேனாவை எடுத்தது. லிஃப்ட் வேலையில் முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு கோடு போடுவார்கள். நட்டில் ஆரம்பித்து, வாஷரைத் தாண்டி, அடியிலிருக்கும் தகடு வரைக்கும் ஒரே நேர்கோடு. ஆறு மாதம் கழித்து வந்து பார்க்கிறவனுக்கு ஸ்பேனரே வேண்டாம். கோடு ஒன்றாக இருந்தால் நட்டு நகரவில்லை. கோடு முறிந்திருந்தால் நகர்ந்துவிட்டது. கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

கிட்டாரில் இதை யாரும் செய்யமாட்டார்கள். அவள் செய்தாள். ஊசியால் தொட்டு, மயிரிழை மாதிரி ஆறு கோடு.

“இது என்ன சிவப்பா?” என்று குனிந்து பார்த்தார் கண்ணாடிக்காரர்.

“பார்த்தாச்சுன்னு அடையாளம்.”

“ஓ, டிக் போட்ட மாதிரியா.”

“அப்படித்தான் வச்சுக்கங்களேன். இப்ப வாசிங்க.”

வாசித்தார். கிட்டார் மணி மாதிரி பேசியது. வண்டு இல்லை, ஒன்றும் இல்லை. “அருமையா இருக்கு” என்றார் அவர், துக்கம் விசாரிக்கிறவர் குரலில். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் கிளம்பும்போது, “நீ போ, நான் பூட்டிக்கிட்டு கடைக்குப் போறேன்” என்றார். அவள் போனாள். ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் வேலை சீக்கிரம் முடிந்து, நாலு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டாள். வீட்டில் யாரும் இல்லை. கருவிப் பையைத் துடைத்து வைக்கலாம் என்று காலையில் வீட்டிலேயே விட்டுப்போன ஸ்பேனர் கட்டைப் பிரித்தாள். எட்டு, ஒன்பது, பதினொன்று எல்லாம் எப்போதும் போல எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தன. பத்தாம் நம்பர் மட்டும் பளபளவென்று மின்னியது. ஒரு விரல் தடம்கூட இல்லை. கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்தால்தான் அப்படி மின்னும்.

லிஃப்ட்டம்மா போய்க் கிட்டார் பெட்டியைத் திறந்தாள்.

ஆறு கோடும் முறிந்திருந்தது. அது மட்டுமென்றால் அவள் வேறு ஏதாவது நினைத்திருப்பாள். ஆனால் ஆறும் ஒரே மாதிரி முறிந்திருந்தது. ஒவ்வொரு நட்டிலும் கோடு நேர் எதிர்ப்பக்கம் போய் நின்றது. சரியாக அரைச் சுற்று. முப்பது வருடத்தில் அவள் ஆயிரக்கணக்கில் கழன்ற நட்டுகளைப் பார்த்திருக்கிறாள். தானாகக் கழன்றால் ஒன்று மயிரளவு நகர்ந்திருக்கும், ஒன்று முழுச் சுற்று போயிருக்கும், ஒன்று அசைந்தே இருக்காது. ஆறு நட்டை எடுத்து ஆறையும் ஒரே அளவு கழற்றி வைக்க ஒரு கை வேண்டும். அப்படிப்பட்ட கை இந்த ஊரில் ஒருவருக்குத்தான் இருக்கிறது. ஒரு பக்கம் செய்ததை மறுபக்கமும் அதே அளவு செய்யாமல் அந்தக் கையால் சும்மா இருக்க முடியாது. திருட்டு வேலையிலும் ஒழுங்கு.

முதலில் வந்தது கோபம்தான். நான்கு நாளாக என்னை முட்டாளாக்கினாரே என்று காது சூடாகியது. வரட்டும், வந்ததும் கேட்கிறேன், கேட்கிற கேள்வியில் கண்ணாடி கழன்று விழ வேண்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த இடத்தில் அந்த ஒன்றரை நிமிடம் நினைவுக்கு வந்தது. மைக்கில் கேட்ட மூச்சு. மேடையில் அவர் போட்ட கும்பிடு. யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

பயமாக இருக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தாள். பிறகு, சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றும் நினைத்தாள். அவளுக்குத் தன்னைத் தெரியாதா? ‘இதுல என்ன பயம், பெத்த பொண்ணு கேக்கறா, போய் உட்கார்ந்து வாசிங்க’ என்று ஒரு முடுக்கு முடுக்கியிருப்பாள். மனிதரையும் நட்டு என்று நினைத்து வாழ்ந்து பழகியவள். மகளிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மனைவியிடம் பயம் என்று சொல்ல வழி இல்லை. பாவி மனுஷன், ஸ்பேனரைத் திருடி எடுத்து, ஓர் ஓரமாக உட்கார்ந்து, ஆறு நட்டைக் கழற்றி, திருப்பி வைக்கும்போது சுத்தமாகத் துடைத்தும் வைத்திருக்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அந்த மனிதர் மேல் அவளுக்கு அப்போது வந்த பிரியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியவில்லை.

ஆடுகிற நட்டைப் பார்த்துவிட்டு அதை அப்படியே விட்டுப் பெட்டியை மூடினாள். அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஏழரை மணிக்கு அவர் வந்தார், கை கால் கழுவினார், கிட்டாரை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். ஙிர்ர். ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இங்கே ஒரு விரல், அங்கே ஒரு விரல் என்று வைத்தாள். ஆறு நட்டின் பக்கம் மட்டும் போகவில்லை.

“தெரியலைங்க” என்றாள்.

“என்ன தெரியலை?”

“சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியலை. மரத்துக்குள்ள எங்கயோ இருக்கு போல.”

“உனக்கா தெரியலை?”

“எனக்குத்தான். என்ன பண்றது, எல்லா சத்தமும் பிடிபட்டுடுமா? நீங்க கவலைப்படாதீங்க. கிட்டார் சரியில்லைன்னு குட்டிகிட்ட நான் பேசிக்கறேன்.”

அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், தூரத்திலிருக்கிற எழுத்தைப் படிக்கச் சொன்னால் பார்க்கிற மாதிரி. பிறகு கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்தார். சனிக்கிழமை முழுக்க அதைத் திறக்கவே இல்லை. ஞாயிறு காலை கிளம்பும்போது மட்டும், “பெட்டியைக் கையோட எடுத்துட்டுப் போவோம். வாசிச்சுக் காட்டினாத்தான் குட்டி நம்புவா” என்றார்.

குட்டியின் கடை இரண்டு தெருக்கள் சேர்கிற முனையில் இருந்தது. நீளமான ஓர் அறை. சுவரில் வரிசையாக டயர்கள், உத்தரத்திலிருந்து தொங்குகிற இரண்டு சைக்கிள், புது டியூபின் வாசனை. வாசலில் முப்பதல்ல, ஐம்பது பேர் நின்றார்கள். பாதிப் பேர் சைக்கிளோடு வந்திருந்தார்கள். லிஃப்ட்டம்மா ஷட்டரைத் தூக்கினாள். தூக்கும்போதே, “வலது பக்கம் ரோலருக்கு எண்ணெய் போடு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

“எங்கம்மாதான்” என்று குட்டி, சைக்கிளோடு வந்திருந்த தபால்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “சத்தத்தைக் கேட்டே எங்க கோளாறுன்னு சொல்லிடுவாங்க. அவங்களைப் பார்த்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.”

“அப்படியா? என் வண்டி டொக் டொக்னுது. நாலு கடை பார்த்துட்டேன். பெடல்ங்கறான் ஒருத்தன், செயின்ங்கறான் ஒருத்தன்.”

“ஏறி ஒரு சுத்து வாங்க” என்றாள் லிஃப்ட்டம்மா. அவர் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவள் இறங்கக்கூட விடவில்லை. “பெடலும் இல்லை, செயினும் இல்லை. சீட்டுக்கு அடியில இருக்கற கம்பி. எந்திரிச்சு நின்னு மிதிச்சுப் பாருங்க, சத்தம் நின்னுடும்.” நின்று மிதித்தார். நின்றுவிட்டது. கூட்டத்தில் கைதட்டல். குட்டிக்கு முகமெல்லாம் பல்.

அந்தச் சூட்டோடு குட்டி கையைத் தட்டினாள். “இப்ப எங்க அப்பா வாசிக்கப் போறார்.”

கடை நடுவில் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டு, மேலே மெத்தையும் வைத்திருந்தாள். கண்ணாடிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நின்றார். உட்காரவில்லை. நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்ததை லிஃப்ட்டம்மா பார்த்தாள். முன்னால் வந்தாள்.

“குட்டி, கிட்டார் சரியில்லைடி. ஒரு சத்தம் வருது. இன்னொரு நாள் வாசிப்பார்.”

குட்டியின் முகம் ஒரு நொடி வாடியது. உடனே சரி செய்துகொண்டாள். “சத்தமா? அதுக்கென்ன, நீதான் இருக்கியே. இப்பவே பாரேன்.”

“பார்த்தாச்சு. நாலு நாளா பார்த்தேன். கண்டுபிடிக்க முடியலை.”

“உன்னாலயா?”

“ஆமா, என்னாலதான். வயசாகுது இல்லையா. காது முன்ன மாதிரி இல்லை.”

இதைச் சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் எதையோ பிடுங்கி வெளியே வைத்த மாதிரி வலித்தது. ஐம்பது பேர் முன்னால், மகள் கடை வாசலில், தன் காதுக்குத் தானே குறை சொல்வது சாமானியக் காரியமில்லை.

தபால்காரர் நல்லவர்தான், வாய்தான் சும்மா இருக்காது. “அப்போ என் சீட்டுக் கம்பியையும் வேற ஆள்கிட்ட ஒரு தடவை காட்டிடறது நல்லதுன்னு சொல்லுங்க” என்றார். சிலர் சிரித்தார்கள். லிஃப்ட்டம்மாவும் சிரித்து வைத்தாள்.

“இல்லை” என்றார் ஒருவர்.

அந்தக் குரல் யாருடையது என்று சட்டென்று யாருக்கும் புரியவில்லை. அவளுக்கே புரியவில்லை. அவ்வளவு உரக்க அவர் பேசி அவள் கேட்டதில்லை.

“அவ காதுக்கு ஒண்ணும் இல்லை” என்றார் கண்ணாடிக்காரர். பெட்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். “மரத்துக்குள்ளயும் ஒண்ணும் இல்லை. நட்டைக் கழட்டினது நான். அவ சரி பண்ணப் பண்ண நான்தான் கழட்டினேன். அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாம இருக்க முடியாது. என்னைக் காப்பாத்தறதுக்காக இப்படிச் சொல்றா.”

சக்கரம் ஒன்று எங்கோ மெல்லச் சுற்றி நின்றது.

“ஏம்பா கழட்டினீங்க?” என்று குட்டி மெதுவாகக் கேட்டாள்.

“பயம்மா. நாலு பேர் பார்த்தா எனக்குக் கை வராது. நீ ஊர்ல இல்லாதப்ப ஒரு தடவை மேடை ஏறினேன். ஒரு தந்தியைக்கூடத் தொடாம இறங்கிட்டேன். உன்கிட்ட அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

லிஃப்ட்டம்மா அவர் பக்கம் திரும்பினாள். ஒரு மனிதர், எந்த நாலு பேருக்கு பயந்து நான்கு நாள் ஒளிந்து ஒளிந்து ஸ்பேனர் பிடித்தாரோ, அந்த நாலு பேரைப் போல பத்து மடங்கு பேர் முன்னால் நின்று, எதைச் சொல்ல முடியாமல் தவித்தாரோ அதைச் சொல்கிறார். அதுவும் அவள் காதின் பெயர் கெடக்கூடாது என்பதற்காக.

குட்டி வந்து அப்பாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். “சொல்லியிருந்தா நான் கேட்டே இருக்கமாட்டேனேப்பா. வாசிக்க வேண்டாம். வந்து இப்படி உட்காருங்க, போதும்.”

“வாசிக்கமாட்டேன்னு நான் சொன்னேனா?” என்றார் அவர். “பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருந்தா குடு.”

கடை திறந்த நாளில் குட்டி கையிலிருந்து வெளியே போன முதல் கருவி அதுதான். கண்ணாடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் சாய்த்தார். லிஃப்ட்டம்மா எதிரே குனிந்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தனை சுத்து?” என்று அவர் மெல்லக் கேட்டார்.

“கழட்டினவருக்குத் தெரியாதா? அரைச் சுத்து.”

முதல் நட்டை முடுக்கினார். கோடு ஒன்று சேர்ந்தது. இரண்டாவது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. “ஓ, இது டிக் இல்லையா?”

“இல்லை.”

“வெள்ளிக்கிழமையே பார்த்துட்டியா?”

“பார்த்தேன்.”

“ஏன் கேக்கலை?”

“நீங்க ஏன் சொல்லலை?”

மூன்றாவது, நான்காவது. “கேட்டிருந்தா திட்டியிருப்பே” என்றார் ஐந்தாவதில்.

“திட்டியிருப்பேன்” என்று ஒப்புக்கொண்டாள். “அதான் கேக்கலை. ரொம்ப முடுக்காதீங்க, மரம்.”

ஆறாவதும் முடிந்தது. ஸ்பேனரை அவர் சட்டைப் பையிலிருந்த துணியால் துடைத்து மகளிடம் நீட்டினார். லிஃப்ட்டம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

முதல் தட்டே தப்பு. விரல் வேறு தந்தியில் போய் விழுந்தது. அவர் நிறுத்தினார். கூட்டம் காத்திருந்தது. அவர் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. போச்சு, எழுந்து கும்பிடு போடப் போகிறார் என்று நினைத்தாள். ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்கலாமா என்று ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டாள்.

“மறுபடியும் ஆரம்பிக்கறேன்” என்றார் அவர், எதிரே நின்ற தபால்காரரிடம், கடையில் வாடிக்கையாளரிடம் சொல்கிற அதே குரலில்.

“ஆரம்பிங்க சார், அவசரமே இல்லை” என்றார் தபால்காரர்.

ஆரம்பித்தார். பிரமாதம் என்று பொய் சொல்ல வேண்டாம். நடுவில் ஓர் இடத்தில் தடுமாறினார், இன்னோர் இடத்தில் இரண்டு வரியை விட்டுவிட்டு மூன்றாவது வரிக்குத் தாவினார். ஆனால் வாசித்தார். குட்டி டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, கன்னத்தில் கிரீஸ் விரலை வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரக் குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசித் தந்தி அடங்கியதும் கைதட்டினார்கள். இந்தத் தடவை அது பாவம் என்று தட்டியது இல்லை. அந்த வித்தியாசம் லிஃப்ட்டம்மாவுக்குத் தெரியும்.

சைக்கிள்கள் ஒவ்வொன்றாக உள்ளே வர ஆரம்பித்தன. குட்டி வேலையில் இறங்கிவிட்டாள். கண்ணாடிக்காரர் சுவரோரம் இருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். லிஃப்ட்டம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் தன் வலது கையை நீட்டிக் காட்டினார். “இன்னும் ஆடுது பாரு.”

அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஐம்பது பேர் இருக்கிற இடத்தில் அப்படிச் செய்கிற பழக்கம் இரண்டு பேருக்கும் கிடையாது. கை நன்றாகவே நடுங்கியது. அவள் அதை இறுக்கிப் பிடிக்கவில்லை.

“ஆடட்டும்” என்றாள். “அதுக்கென்ன இப்ப.”